கொக்கியில் தொங்கும் உடல்: ஒரு விதியின் வரலாறு

1988 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு நிர்வாகம் கட்டுமானத் தொழிலுக்கான தன் விதிகளில் ஒரு புதிய உட்பிரிவைச் சேர்த்தது. (இந்த நிர்வாகத்தை அங்கே முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஓஷா' என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.) கிரேனின் கொக்கியில் ஒரு கூடையை மாட்டி, அதில் தொழிலாளர்களை நிற்க வைத்து உயரத்துக்குத் தூக்குவது பற்றியது அந்த உட்பிரிவு. எந்தக் கயிறு, எத்தனை மடங்கு வலு, கூடைக் கதவு எந்தப் பக்கம் திறக்கலாம் என்று சில பக்கங்களுக்கு வறட்டு மொழியில் போகிறது. இப்படிப்பட்ட பிரதிகளை நாம் வாசிப்பதில்லை. வக்கீல்களுக்கும் சேஃப்டி ஆபீசர்களுக்கும் விட்டுவிடுகிறோம். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் தொழிற்சாலை ஆய்வாளர் அறிக்கைகளையும், சுரங்கங்கள் பற்றிய நாடாளுமன்றக் குழுவின் விசாரணைகளையும் 'மூலதனம்' முதல் தொகுதியில் மார்க்ஸ் எப்படிப் பயன்படுத்தினார் என்பதை மட்டும் கூட்டங்களில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இந்தக் கூடை விதியை நான் ஒரு வரலாற்றுப் பிரதியாக வாசிக்க முயல்கிறேன். மனித உடலைச் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சட்டம் என்ன பாடுபடுகிறது, எந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறது என்பதுதான் என் கேள்வி.

விதி 'கூடாது' என்று தொடங்குகிறது. கிரேனில் ஆளைத் தூக்கக் கூடாது. அடுத்து ஒரு 'தவிர' வருகிறது. ஏணி, படிக்கட்டு, சாரம், ஆளேற்றும் லிஃப்ட் போன்ற வழக்கமான வழிகளை அமைப்பதோ, பயன்படுத்துவதோ, பிரித்தெடுப்பதோ கூடையைவிட அதிக ஆபத்தாக இருந்தால் தூக்கலாம். கட்டடத்தின் அமைப்பினாலோ இடத்தின் நிலைமையினாலோ அந்த வழிகள் சாத்தியமே இல்லை என்றாலும் தூக்கலாம். வேறு எதற்கும் இல்லை. செலவு கூடும் என்பது இங்கே ஒரு காரணமாக ஏற்கப்படவில்லை. நாள் ஆகும் என்பதும் இல்லை. முதலாளி தன் கணக்குப் புத்தகத்தைக் காட்டி இந்தக் கதவைத் திறந்துவிட முடியாது. முழு விதியிலும் அரசியல் உள்ள வாக்கியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஏனென்றால் 'எப்படித் தூக்குவது' என்று கேட்பதற்கு முன்னால் 'எதுக்குய்யா தூக்குறே?' என்று இது கேட்டுவிடுகிறது. மற்றதெல்லாம் கணக்கு. கணக்கு முக்கியமில்லை என்று சொல்லவரவில்லை. அதற்கும் வருகிறேன்.

கூடைக்கு முன்னால் என்ன இருந்தது? கொக்கி இருந்தது. கொக்கிக்கு மேலே, வெறும் கயிறு காற்றில் அலையாமல் நேராக இறங்குவதற்காகப் பொருத்தப்படும் கனமான இரும்புக் குண்டு இருந்தது. அந்தக் குண்டின்மேல் ஏறி நின்று கயிற்றைப் பிடித்தபடி மேலே போவது அமெரிக்க இரும்புக் கட்டுமானத் தொழிலாளர்களிடம் ஒரு காலத்தில் சர்வசாதாரணம். லூயிஸ் ஹைன் 1930-31இல் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் எடுத்த புகைப்படங்களில் இதைப் பார்க்கலாம். ஹைன் லேசுப்பட்ட ஆள் இல்லை. 1908 முதல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவுக்காக ஆலை ஆலையாக அலைந்து, பஞ்சாலைப் பிள்ளைகளையும் சுரங்கப் பிள்ளைகளையும் படமெடுத்து, அமெரிக்க மனசாட்சியின் முன்னால் நிறுத்தியவர். எம்பயர் ஸ்டேட் பணிக்கு வந்தபோது ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியிருந்தார். கட்டடத்துக்கு வெளியே நின்று கட்டடத்தைப் படமெடுக்க வேண்டுமே, அதற்காகத் தனியாக ஒரு கூடை செய்து, கேமராவோடு அவரை அதில் நிற்க வைத்து, தெருவுக்கு மேலே அந்தரத்தில் நீட்டினார்கள்.

இந்த விவரம் ஹைனைப் பற்றிய எல்லா எழுத்திலும் அவருடைய துணிச்சலுக்குச் சான்றாகவே வருகிறது. எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அதே உயரம், அதே காற்று, அதே 1930. படமெடுப்பவருக்குக் கூடை கிடைத்தது. படத்தில் இருப்பவர் குண்டின்மேல் நிற்கிறார். ஆளைத் தூக்கக் கூடை செய்யத் தெரியாத காலமல்ல அது. யாருக்குச் செய்ய வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இதில் ஹைனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படங்களைச் சுற்றிக் கட்டமைக்கப்பட்ட வீரம் என்ற சொல்லாடல் இருக்கிறதே, அது படிக்கட்டு இல்லாததை மறைத்துவிட்டது. உயரத்தில் நிற்கிறவன் பயமறியாதவன் என்று ஆனபிறகு அவனுக்கு எதற்குக் கைப்பிடி?

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எலிஷா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க் கண்காட்சி ஒன்றில் ஒரு மேடையில் ஏறி நின்று, தன்னைத் தூக்கிய கயிற்றை எல்லோர் முன்னாலும் வெட்டச் சொன்னார். மேடை விழவில்லை. கயிறு அறுந்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும் பற்கள் அவர் கண்டுபிடித்தவை. 1857இல் அதே ஊரில் ஐந்து மாடிப் பீங்கான் கடை ஒன்றில் அவருடைய பயணிகள் லிஃப்ட் வந்தது. கோப்பை வாங்க வருகிறவர் மாடிப்படி ஏறி மூச்சு வாங்கக் கூடாது அல்லவா. வாங்க வருகிறவரின் உடலுக்கும், அந்தக் கடைபோன்ற கடைகளைக் கட்டுகிறவரின் உடலுக்கும் இடையிலான தூரத்தை ஆண்டுகளில் சொல்வதானால் 131. நடுவில் தொழில்துறைத் தரங்களும் மாநில விதிகளும் இருந்தன. 1970இல் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டமே வந்தது. ஆனால் கிரேன் கூடைக்கென்று தேசம் முழுமைக்குமான விரிவான விதி 1988இல்தான்.

கயிற்றின் நுனியில் ஆளைத் தொங்கவிடுவது கிரேனோடு தொடங்கியதும் அல்ல. சுரங்கத்தில் தொடங்கியது. 1842இல் வெளியான பிரிட்டிஷ் குழந்தைத் தொழிலாளர் ஆணையத்தின் அறிக்கையில் ஒரு சித்திரம் உண்டு. கயிற்றின் நுனியில் ஒரு குறுக்குத் தண்டு. அதில் ஒரு பையனும் ஒரு பெண்ணும் எதிரெதிராக ஒட்டி உட்கார்ந்தபடி குழியிலிருந்து மேலே வருகிறார்கள். மேலே ஒரு பெண் கையால் சக்கரத்தைச் சுற்றுகிறார். அந்த ஆண்டே சுரங்கச் சட்டம் வந்தது. பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவர்களும் குழிக்குள் இறங்கக் கூடாது என்றது. இது எல்லோருக்கும் தெரிந்தது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத இன்னொரு பிரிவும் இருக்கிறது: ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரத்தைப் பதினைந்து வயதுக்குக் குறைந்தவர் இயக்கக் கூடாது. அப்படியென்றால் என்ன அர்த்தம்? அதுவரை இயக்கினார்கள் என்று அர்த்தம். குழியிலிருந்து மேலே வரும் முழு ஆட்களின் உயிர் ஒரு சிறுவனின் தூக்கக் கலக்கத்தில் தொங்கியிருக்கிறது. கயிற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் கயிற்றின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று பார்த்த சட்டம் அது. 1988 விதியிலும் இதன் எதிரொலி உண்டு: கூடையில் ஆள் இருக்கும்வரை கிரேன் ஆபரேட்டர் தன் இருக்கையைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. டீ குடிக்கக்கூட.

இனி கணக்கு. கூடையைத் தூக்கும் கம்பிக்கயிறு, ஏற்றப்படும் அதிகபட்ச எடையைப்போல் 7 மடங்கு தாங்க வேண்டும். முறுக்கிக்கொள்ளாத வகைக் கயிறு என்றால் 10 மடங்கு. கூடை தன் சொந்த எடையோடு, ஏற்றுகிற எடையைப்போல் 5 மடங்கு தாங்க வேண்டும். கூடை, ஆட்கள், கருவிகள், மாட்டும் சங்கிலி எல்லாம் சேர்ந்து, அந்தத் தூரத்தில் அந்தக் கிரேன் தூக்க அனுமதிக்கப்பட்ட எடையில் பாதியைத் தாண்டக் கூடாது. சரக்கு 10 டன் தூக்கலாம் என்றால் ஆள் கூடைக்கு 5 டன். நடமாடும் கிரேன்களில் சரக்குத் தூக்கும் கயிற்றுக்கு வழக்கமான மடங்கு 3.5. ஆளுக்கு 7. சரியாக இரண்டால் பெருக்கியிருக்கிறார்கள். சரக்கும் மனிதனும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் தனக்குத் தெரிந்த ஒரே மொழியில் சொல்கிறது.

கேலி செய்யவில்லை. இந்த மடங்குகள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்தால் அவற்றின்மேல் மரியாதை வரும். கயிற்றின் உள்ளே எந்த இழை துருப்பிடித்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பிரேக் போடும்போது வரும் குலுக்கல் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. தரை எங்கே உள்வாங்கும் என்பதும் அப்படித்தான். இவ்வளவும் தெரியாது என்ற ஒப்புதல்தான் 7 என்ற எண்ணாக எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டு விஷயங்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒன்று, கொக்கியும் அதன் கப்பித் தொகுதியும் மேலே ஏறிக்கொண்டே போய்க் கிரேன் கையின் நுனியில் முட்டிக்கொள்வது. ஆபரேட்டர் கவனிக்காமல் இன்னும் இழுத்தால் கயிறு அறுந்துவிடும். ஏழு மடங்கு வலுவெல்லாம் இங்கே செல்லாது, ஏனென்றால் இழுப்பது எடை அல்ல, இயந்திரமே. கூடை வேலையில் இது அதிக ஆபத்து. ஆளை எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோகத்தானே கூடையே? அதனால் முட்டுவதையோ, முட்டிச் சேதமாவதையோ முன்பே தடுக்கிற கருவி கட்டாயம் என்றது விதி. இரண்டாவது, இறக்குவது. பழைய கிரேன்களில் சரக்கை இறக்க உருளையை விடுவித்துவிடுவார்கள். எடை தானாகக் கீழே விழும். ஆபரேட்டர் காலால் பிரேக்கை மிதித்து வேகத்தை அடக்குவார். கூடையில் இருப்பவருக்கும் தரைக்கும் நடுவே இருந்தது இன்னொரு தொழிலாளியின் கால். அது வழுக்கலாம், மரத்துப்போகலாம். விதி இதைத் தடை செய்தது. பிரேக்கைத் தவிர, இயந்திரத்தின் ஓட்டத்திலேயே இறங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு இருக்க வேண்டும் என்றது. இரண்டு தொழிலாளிகளில் ஒருவரை மற்றவருக்குக் கொலையாளியாக்கும் ஓர் ஏற்பாட்டை இப்படிக் கொஞ்சம் அவிழ்த்தது என்றும் இதை வாசிக்கலாம்.

பிறகு ஒத்திகை. ஆட்கள் ஏறுவதற்கு முன்னால், அவர்கள் எடைக்குக் குறையாத எடையை வைத்து ஆளில்லாக் கூடையைத் தரையிலிருந்து போகவேண்டிய இடம்வரை ஒருமுறை அனுப்பிப் பார்க்க வேண்டும். கிரேனை இடம் மாற்றினால் மறுபடியும். அதோடு, கூடையின் அனுமதிக்கப்பட்ட அளவில் 125 சதவீதத்தை ஏற்றி 5 நிமிடம் அந்தரத்தில் நிறுத்திச் சோதிக்க வேண்டும். ஆபரேட்டர், சைகை காட்டுபவர், கூடையில் ஏறுகிறவர், பொறுப்பாளர் எல்லோரும் கூடிப் பேச வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் கட்டுமானத் தொழிலாளர்களின் கூட்டம் ஒன்றில் இந்த விதியைத் தமிழில் சொல்லிக்காட்டினேன். கலாசி வேலை செய்கிற பெரியவர் ஒருவர், 'ஆரியா', 'ஹபீஸ்' என்று கத்திக் கத்தியே குரல் கட்டிப்போனவர் (முதலாவது இறக்கச் சொல்வது, இரண்டாவது ஏற்றச் சொல்வது), கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏன் தோழர், இவ்ளோ வேலையும் செய்யறதுக்கு ஒரு சாரத்தையே கட்டிட்டுப் போயிடலாமே?" எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் அந்த விதியை அவரைவிடச் சரியாக வாசித்தவர் யாருமில்லை. கூடையைக் கடினமாக்கி, ஏணியை எளிதாகத் தோன்றச் செய்வதே அந்தக் கணக்குகளின் உள்நோக்கம். முதல் பிரிவு நேராகக் கேட்டதை மற்றப் பிரிவுகள் சுற்றிவளைத்துக் கேட்கின்றன.

தொழிலாளியின் உடலை நோக்கி விதி பேசும் இடங்களும் உண்டு. கூடை ஏறும்போதும் இறங்கும்போதும் கையோ காலோ வெளியே நீளக் கூடாது. இடுப்பிலோ தோளிலோ கட்டிய பட்டையின் கயிற்றைக் கூடையின் சட்டத்திலோ கொக்கித் தொகுதியிலோ மாட்டியிருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கம் திறக்கக் கூடாது. உள்ளே பிடித்துக்கொள்ளத் தனிக் கம்பி இருக்க வேண்டும். (மேல் விளிம்பைப் பிடித்தால் விரல்கள் வெளியே இருக்கும், நசுங்கும். யாரோ விரல் இழந்து எழுதவைத்த வரி என்று ஊகிக்கிறேன்.) ஃபூக்கோவைப் படித்த நண்பர்கள் உடனே 'ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்' என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆகட்டும். ஆனால் எல்லா ஒழுங்கும் ஒரே ஜாதி அல்ல. விரலைக் காப்பாற்றுகிற ஒழுங்கும் நிமிடத்தைக் கணக்கிடுகிற ஒழுங்கும் ஒன்றல்ல என்பதை அந்தக் கலாசியிடம் கேட்டால் சொல்வார்.

என் சிக்கல் வேறு. இந்த விதியின் பார்வை கொக்கியிலிருந்து கூடையின் அடித்தட்டுவரை இறங்குகிறது. கிரேனின் காலுக்குக் கீழே உள்ள மண்வரை போகிறது. பக்கத்தில் பார்ப்பதில்லை.

1862 ஜனவரி 16. வட இங்கிலாந்தில் ஹார்ட்லி நிலக்கரிச் சுரங்கம். வேலை முடிந்து எட்டுப் பேர் கூண்டில் மேலே வந்துகொண்டிருந்தார்கள். கூண்டின் கயிறு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதே குழியின் வாயில் நின்ற நீரிறைக்கும் எஞ்சினின் வார்ப்பிரும்பு உத்தரம் இரண்டாக முறிந்து, ஒரு பாதி குழிக்குள் விழுந்தது. கூண்டில் இருந்தவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். விழுந்த இடிபாடு குழியை அடைத்துக்கொண்டது. வெளியேற வேறு குழி கிடையாது. அடியில் இருந்த அத்தனை பேரும் செத்தார்கள். மொத்தம் 204 ஆண்களும் சிறுவர்களும். அந்த ஆண்டே வந்த சட்டம் கூண்டைப் பற்றியோ உத்தரத்தின் வலுவைப் பற்றியோ பேசவில்லை. ஒவ்வொரு சுரங்கத்துக்கும் இரண்டு வழி வேண்டும் என்றது. பொருளின் மடங்கைக் கூட்டாமல் இடத்தின் அமைப்பையே மாற்றச் சொன்னது. முதலாளிகளுக்குச் செலவு வைத்தது.

1999 ஜூலை 14. அமெரிக்காவின் மில்வாக்கி நகரம். திறந்து மூடும் கூரையோடு ஒரு பேஸ்பால் மைதானம் கட்டுகிறார்கள். (அன்று மில்லர் பார்க் என்று பெயர், 2021இலிருந்து வேறு பெயர்.) 'பிக் ப்ளூ' என்று செல்லப்பெயர் கொண்ட ராட்சத கிரேன், 400 டன்னுக்கு மேற்பட்ட கூரைத் துண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தது. துண்டு வந்து பொருந்தியதும் வேலையைத் தொடங்குவதற்காக மூன்று இரும்புத் தொழிலாளர்கள் இன்னொரு கிரேனில் தொங்கிய கூடையில் காத்திருந்தார்கள். காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டி வீசியது. பிக் ப்ளூ முறிந்து விழுந்தது. விழும்போது கூடையைத் தாங்கிய கிரேனையும் சாய்த்தது. மூவரும் இறந்தார்கள். அங்கே வந்திருந்த ஓஷா ஆய்வாளர் ஒருவரின் வீடியோவில் இந்த விழுதல் பதிவாகியிருக்கிறது. அரசின் கண் அந்த நேரத்தில் அங்கேயே இருந்தது, பார்த்துக்கொண்டும் இருந்தது.

இங்கேயும் அறுந்தது கூடையின் கயிறு அல்ல. ஏழு மடங்கு, ஐந்து மடங்கு, பாதி அளவு என்ற எந்தக் கணக்கும் அந்தப் பக்கத்து கிரேனைத் தொடவில்லை. இந்தக் காற்றில் அவ்வளவு பரப்புள்ள ஒரு கூரைத் துண்டைத் தூக்கு என்று முடிவெடுத்தவர்கள் தரையில் இருந்தார்கள். மூன்று கம்பெனிகளுக்கு ஓஷா அபராதம் போட்டது. மனைவியர் மூவரும் வழக்குத் தொடுத்தார்கள். 2000 டிசம்பரில் மிட்சுபிஷி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் ஆஃப் அமெரிக்கா மீது 9 கோடியே 40 லட்சம் டாலர் தண்டனைத் தொகையை ஜூரி விதித்தது. 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2005இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் மறுபடி உயிர்கொடுத்தது. 2006இல் சமரசத்தில் முடிந்தது.

இந்த வழக்கில் என்னை ஈர்ப்பது தொகை அல்ல, அதன் தத்துவச் சிக்கல். தண்டனைத் தொகை விதிக்க 'உரிமைகளை வேண்டுமென்றே புறக்கணித்தல்' நிகழ்ந்திருக்க வேண்டும். எது வேண்டுமென்றே? காயப்படுத்தும் நோக்கமோ, காயம் நிச்சயம் என்ற அறிவோ வேண்டும் என்றது கீழே இருந்த மேல்முறையீட்டு நீதிமன்றம். வேண்டியதில்லை, தன் செயல் மற்றவர்களின் உரிமையைப் புறக்கணிப்பதில் முடியும் என்று அறிந்திருந்தாலே போதும் என்றது உச்ச நீதிமன்றம். எந்தக் கம்பெனியும் யாரையும் கொல்ல நினைப்பதில்லை. அவசரம்தான் படுகிறது. அந்த அவசரத்துக்குள் ஒரு நோக்கத்தைப் படிக்க முடியும் என்று ஒரு நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அரிய இடம் இது.

2001 ஜனவரியில் ஓஷா இரும்புக் கட்டுமானத்துக்கென்று புதிய விதிகளை வெளியிட்டது. ஒப்பந்ததாரர்களும் இரும்புத் தொழிலாளர் சங்கமும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசி உருவாக்கியவை. அதில், இரும்புக் கட்டுமானத்தில் கூடையைப் பயன்படுத்தும்போது கணக்குகள் எல்லாம் பொருந்தும், முதல் பிரிவு மட்டும் பொருந்தாது என்று எழுதப்பட்டது. வேறு வழி உண்டா என்று காட்டவேண்டிய பொறுப்பு போய்விட்டது. இதற்கு நியாயம் இல்லாமல் இல்லை. ஏணி சாத்தவே ஒன்றும் எழும்பாத இடத்தில்தான் இரும்புத் தொழிலாளி வேலையைத் தொடங்குகிறார். தூணைக் கட்டிப்பிடித்து ஏறுவதைவிடக் கூடை நல்லதுதான். சங்கம் முட்டாள்தனமாகக் கையெழுத்துப் போட்டது என்று இங்கிருந்து சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனாலும் மில்வாக்கியில் மூன்று இரும்புத் தொழிலாளர்கள் கூடையில் செத்த ஒன்றரை ஆண்டுக்குப்பின், அவர்கள் தொழிலுக்கு மட்டும் 'எதற்காகத் தூக்குகிறாய்' என்ற கேள்வி விலக்கிக்கொள்ளப்பட்டது என்பது வரலாறு.

2010இல் கிரேன் விதிகள் முழுவதையும் ஓஷா மாற்றி எழுதியது. பேச்சுவார்த்தைக் குழு 2004இலேயே வரைவை முடித்துவிட்டது. அச்சுக்கு வர ஆறு ஆண்டு ஆயிற்று. நடுவில் 2008இல் நியூயார்க்கில் இரண்டு கிரேன்கள் விழுந்து மார்ச்சில் ஏழு பேரும் மே மாதம் இரண்டு பேரும் செத்தார்கள். கூடைக்கான 5, பாதி என்ற கணக்குகள் அப்படியே தொடர்ந்தன. இரும்புக் கட்டுமானத்துக்கான விலக்கும் தொடர்ந்தது. நிறுத்தச் சொல்லி யார் சைகை காட்டினாலும் ஆபரேட்டர் கீழ்ப்படிய வேண்டும் என்றது புது விதி. 'யார் காட்டினாலும்' என்பதில் கூடைக்குள் இருப்பவரின் கையும் அடங்கும். நல்ல வரி.

கூடைக்கென்று காற்றைப் பற்றியும் இப்போது ஒரு வரி இருக்கிறது. காற்று மணிக்கு 20 மைலைத் தாண்டினால், தூக்குவது பாதுகாப்பில்லையா என்பதைத் 'தகுதியுள்ள நபர்' ஒருவர் தீர்மானிக்க வேண்டும். பாதுகாப்பில்லை என்று அவர் தீர்மானித்தால் தூக்கக் கூடாது. 1988இல் 'கூடாது, தவிர' என்று தொடங்கிய இலக்கணம் இங்கே தலைகீழாகிறது: தூக்கலாம், கூடாது என்று ஒருவர் சொல்லாதவரை. அந்த ஒருவர் கூடையில் இருப்பவராகவே இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. காற்றை எங்கே அளக்க வேண்டும் என்பதையும் விதி சொல்கிறது. கூடை இருக்கும் இடத்தில்.